நன்கொடை வேண்டாம், மூன்று மணி நேரம் போதும்: கல்லூரியில் முன்னாள் மாணவர் வழிகாட்டுத் திட்டம் தொடங்குவது எப்படி?

நான் படித்த கல்லூரியில் முன்னாள் மாணவர் சந்திப்பு ஒன்றை முன்னின்று நடத்தினேன். மேடை, பேனர், மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ எல்லாம் இருந்தது. பலர் கண் கலங்கிப் பேசினார்கள். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவும் தொடங்கினோம். ஒரு மாதத்தில் அதில் காலை வணக்கப் படங்களும் மனை விளம்பரங்களும்தான் மிச்சம். அந்தச் சந்திப்பில் எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தவர்கள் மூன்றாமாண்டு மாணவர்கள். அவர்களில் ஒருவரோடுகூட எங்களில் யாரும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசவில்லை என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அதன்பிறகு, முன்னாள் மாணவர் ஒருவரையும் இப்போது படிக்கும் மாணவர் ஒருவரையும் ஜோடி சேர்த்துப் பேச வைக்கும் வழிகாட்டுத் திட்டத்தை நடத்தி, மூன்று ஆண்டுகள் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் கலை அறிவியல் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பல்கலைக்கழகத் துறை எதற்கும் பொருந்தும். நீங்கள் ஊருக்குத் திரும்பிய முன்னாள் மாணவராக இருக்கலாம். "அலும்னி வேலையை நீங்களே பார்த்துக்குங்க" என்று எச்.ஓ.டி. தலையில் கட்டிவிட்ட உதவிப் பேராசிரியராகவும் இருக்கலாம்.

வரிசையை மாற்றாதீர்கள். பலரும் முதலில் சங்கத்தைப் பதிவு செய்து, யார் தலைவர் என்று சண்டை போட்டு, ஓய்ந்துபோய், மாணவர்களை மறந்துவிடுகிறார்கள். பணத்தைத் தொடாதவரை சங்கம் தேவையே இல்லை.

1. பட்டியல் தயார் செய்யுங்கள் (ஆறு வாரம்)

கல்லூரியில் முன்னாள் மாணவர் விவரம் ஒரே இடத்தில் இருக்காது. அலுவலகத்தில் சேர்க்கைப் பதிவேடும் டி.சி. பதிவேடும் இருக்கும். பிளேஸ்மென்ட் அலுவலகத்தில் ஆளுக்கொரு எக்செல் கோப்பு இருக்கும். பட்டமளிப்பு விழா விண்ணப்பங்கள் எங்காவது ஒரு பீரோவில் கட்டிக் கிடக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய செல்பேசி எண்களில் பெரும்பாலானவை இப்போது வேறு யாரிடமோ இருக்கின்றன. எண்களைத் துரத்தாதீர்கள், ஆட்களைத் துரத்துங்கள். ஒவ்வொரு பேட்சிலும், ஒவ்வொரு துறையிலும், எல்லோரோடும் தொடர்பில் இருக்கிற ஒருத்தர் நிச்சயம் இருப்பார். பெரும்பாலும் அவர்தான் அன்றைய கிளாஸ் ரெப்பாக இருந்திருப்பார், அல்லது எல்லோருக்கும் நோட்ஸ் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவராக இருப்பார். அவரைப் பிடித்தால் மற்ற ஐம்பது பேரும் வருவார்கள். லிங்க்ட்இன்னில் உங்கள் கல்லூரிப் பக்கத்துக்குள் 'அலும்னி' என்று ஒரு பகுதி உண்டு. படித்த ஆண்டு, இருக்கும் ஊர், வேலை பார்க்கும் நிறுவனம் என்று வடிகட்டிப் பார்க்கலாம். செலவில்லை.

கூகுள் படிவத்தில் எட்டுக் கேள்விக்கு மேல் வைக்காதீர்கள்: படித்தபோது இருந்த பெயர், இப்போதைய பெயர், துறை, முடித்த ஆண்டு, இப்போது செய்யும் வேலை, இருக்கும் ஊர், சொந்த மின்னஞ்சல், செல்பேசி. சம்பளம் கேட்காதீர்கள். ஆதார் எண் கேட்கவே கேட்காதீர்கள்.

பெயருக்கு இரண்டு இடம் எதற்கு என்று நினைக்கலாம். நான் முதலில் ஒன்றுதான் வைத்திருந்தேன், அதில்தான் மாட்டினேன். நம் ஊர் இனிஷியல் ஒரு பெரிய வம்பு. கல்லூரிப் பதிவேட்டில் 'கே. கார்த்திக்', லிங்க்ட்இன்னில் 'கார்த்திக் கே', பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோடு சேர்ந்த முழுப்பெயர். மூன்றும் ஒரே ஆள், என் எக்செலிலோ மூன்று வரி. பெண்களில் பலருக்குத் திருமணத்துக்குப் பிறகு இனிஷியலே மாறிவிடுகிறது. அதனால் பெயரை அடையாளமாக வைத்துத் தேடாதீர்கள். பல்கலைக்கழகப் பதிவு எண் இருந்தால் நல்லது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி என்றால் அந்த 12 இலக்க எண்ணிலேயே கல்லூரி, சேர்ந்த ஆண்டு, துறை மூன்றும் அடங்கிவிடும். எண் யாருக்கும் நினைவிருக்காது, பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

படிவத்தின் கடைசியில் ஒப்புதல் வரி ஒன்று கட்டாயம். 'இந்த விவரங்களை முன்னாள் மாணவர் தொடர்புக்கும் வழிகாட்டுத் திட்டத்துக்கும் மட்டும் பயன்படுத்தலாம், நான் கேட்டால் நீக்க வேண்டும்' என்று எழுதி, டிக் செய்யும் பெட்டி வையுங்கள். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. அதே சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்று வரையறுத்து, அவர்கள் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதலையும் கேட்கிறது. முதலாமாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதுதான் ஆகியிருக்கும். நான் இரண்டாமாண்டுக்குக் கீழே யாரையும் திட்டத்தில் சேர்ப்பதில்லை. பாதித் தலைவலி அங்கேயே போய்விட்டது.

2. கல்லூரியிடம் மூன்றே மூன்று கேளுங்கள்

முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம் போதும். திட்டத்தை அனுமதித்து ஒரு பதில் கடிதம், ஒருங்கிணைப்பாளராக ஓர் ஆசிரியர், பதவிப் பெயரில் ஒரு மின்னஞ்சல். இந்த மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். எங்கள் ஒருங்கிணைப்பாளர் தன் சொந்த ஜிமெயிலில் எல்லாவற்றையும் வைத்திருந்தார். அரசுக் கல்லூரி என்பதால் இட மாறுதல் வந்தது. அவர் போனார், படிவமும் பதில்களும் அவரோடு போய்விட்டன. கெஞ்சிக் கூத்தாடித் திரும்ப வாங்க இரண்டு மாதம் ஆனது.

முதல்வரின் பதில் கடிதத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். 'நாக் குழு வரும்போது காட்டலாம்' என்று சொன்னால் சீக்கிரம் கிடைக்கும் (நாக் என்பது கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு). நாக் பல ஆண்டுகள் பின்பற்றிய மதிப்பீட்டு முறையில் 5.4 என்ற பகுதியே முன்னாள் மாணவர் பங்களிப்புக்கானதுதான், பதிவு செய்யப்பட்ட சங்கம் இருக்கிறதா என்றும் அதில் கேட்டார்கள். கல்லூரிகளுக்குத் திடீரென்று முன்னாள் மாணவர் பாசம் பொங்குவது எந்தெந்த ஆண்டு என்று கவனித்தால் உங்களுக்கே புரியும். அந்தப் பாசத்தைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், தப்பில்லை.

3. வழிகாட்டிகளைச் சேருங்கள்: கேட்பதைக் குறுக்குங்கள்

"நம்ம காலேஜுக்கு ஏதாவது செய்யணும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த 'ஏதாவது' பிடிபடாமல்தான் யாரும் எதுவும் செய்வதில்லை. நான் கேட்கும் விதத்தை மாற்றினேன். "அண்ணா, ஒரு மூன்றாமாண்டுப் பையனோட நாலு தடவை, தடவைக்கு 45 நிமிஷம் பேசணும். மொத்தம் மூணு மணி நேரம். ஆகஸ்ட்ல ஆரம்பிச்சு அக்டோபர் கடைசியில முடிஞ்சிடும். அதுக்கப்புறம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்." முடியும் தேதியைச் சொன்னதும்தான் ஆட்கள் சரி என்றார்கள். பணத்தைப் பற்றி அந்தப் பேச்சில் வாயே திறக்காதீர்கள். நன்கொடை கேட்டவனின் அடுத்த அழைப்பை யாரும் எடுப்பதில்லை.

யாரைக் கேட்பது? பெரிய பதவியில் இருப்பவரைத்தான் முதலில் தேடுவோம். என் அனுபவத்தில் அது தவறு. இருபத்தைந்து வருடம் முன்னால் படித்த துணைத்தலைவர் ஒரு நாள் உரைக்கு அருமையான ஆள். ஆனால் இன்றைக்கு வேலைத் தேர்வு எப்படி நடக்கிறது, எந்தப் பாடத்தில் அரியர் விழும், அரியரோடு எந்த நிறுவனம் உள்ளே விடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. முடித்து மூன்று முதல் எட்டு வருடம் ஆனவர்கள்தான் சரி. அவர்களுக்குக் காயம் இன்னும் ஆறியிருக்காது, அதனால் உண்மையைச் சொல்வார்கள்.

எல்லோரும் ஐடியாகவும் இருக்கக் கூடாது. டி.என்.பி.எஸ்.சி. எழுதி வேலைக்குப் போனவர், முனைவர் பட்டத்தில் இருப்பவர், அப்பாவின் கடையை எடுத்து நடத்துபவர், படித்த துறையை விட்டு விலகியவர் என்று கலந்து சேருங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். அவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு மாணவர்களிடம் இருக்கும் எடை வேறு.

முதல் சுற்றுக்கு 12 வழிகாட்டி போதும், கூடவே இரண்டு பேர் மாற்றாள். நான் 40 பேரோடு ஆரம்பித்தேன். நான்காவது சந்திப்புவரை வந்து சேர்ந்தது ஆறு ஜோடி.

4. எப்போது தொடங்குவது

இறுதியாண்டு மாணவர்களுக்கென்று தொடங்குவது வழக்கம். அது தாமதம். பொறியியலில் ஏழாவது செமஸ்டர் தொடங்கும்போதே நிறுவனங்கள் வந்துவிடுகின்றன, அப்போது போய் என்னவாக விரும்புகிறாய் என்று கேட்டால் "எது கிடைச்சாலும் சரி சார்" என்றுதான் பதில் வரும். நான்காண்டுப் படிப்பில் ஐந்தாம் செமஸ்டரும் மூன்றாண்டுப் படிப்பில் நான்காம் செமஸ்டரும் ஏற்ற நேரம்.

ஒற்றைப்படை செமஸ்டர் என்றால் எங்கள் அட்டவணை இது. ஜூன் முழுக்க வழிகாட்டிகளிடம் பேச்சு. ஜூலை முதல் பாதியில் மாணவர் விண்ணப்பம், இரண்டாம் பாதியில் ஜோடி சேர்ப்பு. ஆகஸ்ட் முதல் வாரம் அறிமுகக் கூட்டம். நான்கு சந்திப்பும் அக்டோபர் கடைசிக்குள் முடிய வேண்டும். நவம்பர் வந்தால் செய்முறைத் தேர்வு, ஸ்டடி ஹாலிடேஸ் என்று மாணவர் காணாமல் போய்விடுவார். தீபாவளி வாரத்தில் எதையும் வைக்காதீர்கள், வழிகாட்டிகள் பாதிப் பேர் பேருந்தில் இருப்பார்கள். இன்டர்னல் தேர்வுத் தேதிகளை முன்னாலேயே ஒருங்கிணைப்பாளரிடம் வாங்கி வழிகாட்டிகளுக்கு அனுப்பிவிடுங்கள். மாணவர் வராததற்கு அலட்சியம் காரணமில்லை, மறுநாள் தேர்வு என்பது அவர்களுக்குத் தெரிந்தால் கோபம் வராது.

5. ஜோடி சேர்ப்பது

முதல் சுற்றில் ஒரே துறை, அகர வரிசை என்று எக்செலில் இழுத்துவிட்டு ஜோடி சேர்த்தேன். வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது. பெரும்பாலான ஜோடிகளுக்குத் திட்டமும் மூன்று வாரத்தில் முடிந்தது.

இருபக்க விருப்பங்களை வைத்து நிலையான ஜோடிகளைச் சேர்க்க 1962இல் கேல், ஷேப்லி என்ற இரண்டு கணிதவியலாளர்கள் அழகான முறை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். பன்னிரண்டு ஜோடிக்கு அதெல்லாம் வேண்டாம். ஒருங்கிணைப்பாளரும் நீங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து, விண்ணப்பங்களைப் பரப்பி வைத்து ஒரு பிற்பகல் செலவழித்தால் போதும்.

மாணவர் விண்ணப்பத்தில் 'உன் ஆர்வம் என்ன' என்று கேட்டால் எல்லோரும் செயற்கை நுண்ணறிவு என்றுதான் எழுதுகிறார்கள். நான் இரண்டே கேள்வி கேட்கிறேன். "உன்னைத் தூங்கவிடாத கேள்வி எது?", "இதை இதுவரை யாரிடம் கேட்டாய்?" ஒரு பெண் எழுதியிருந்தார்: 'மேல படிக்கணும், ஆனா தம்பி ப்ளஸ் டூ முடிக்கிறான், ரெண்டு பேருக்கும் ஃபீஸ் கட்ட முடியாது. சம்பாதிச்சுக்கிட்டே படிச்சவங்க யாராவது இருந்தா பேசணும்.' இப்படி ஒரு பதில் வந்தால் ஜோடி தானாகவே கண்ணில் படும். துறை வேறாக இருந்தாலும் பரவாயில்லை.

பேசும் மொழியையும் இரு பக்கமும் கேளுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த மாணவரை வெளிநாட்டில் இருந்து ஆங்கிலத்திலேயே பேசும் ஒருவரோடு சேர்த்தால், முதல் அழைப்பில் "எஸ் சார், ஓகே சார்" தவிர வேறு எதுவும் வராது. இரண்டாவது அழைப்பே இருக்காது.

6. பாதுகாப்பு விதிகளைக் கையெழுத்தோடு வாங்குங்கள்

'நம்ம காலேஜ் அண்ணன்தானே' என்று யாரும் இதை எழுதி வைப்பதில்லை. எழுதுங்கள். ஒரு பக்கம் போதும், வழிகாட்டியும் மாணவரும் கையெழுத்திட வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இருப்பது: சந்திப்பு காணொளியில் அல்லது கல்லூரி வளாகத்தில் மட்டும். இரவு எட்டு மணிக்கு மேல் அழைப்போ செய்தியோ கிடையாது. பணம் கொடுக்கல் வாங்கல் கூடாது. வழிகாட்டி தன் பயிற்சி மையம், காப்பீடு, நெட்வொர்க் மார்க்கெட்டிங் எதையும் மாணவரிடம் விற்கக் கூடாது (இந்தக் கடைசி விதி ஒரு கசப்பான சம்பவத்துக்குப் பிறகு சேர்த்தது). வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. மாணவர் யாரிடமும் காரணம் சொல்லாமல் ஜோடியை மாற்றக் கேட்கலாம்.

மாணவிகள், வழிகாட்டி பெண்ணாக இருக்க வேண்டும் என்று கேட்க விண்ணப்பத்திலேயே ஒரு பெட்டி வையுங்கள். வீட்டில் என்ன சொல்வார்களோ என்று தயங்கி விண்ணப்பிக்காமலே போகிறவர்கள் உண்டு. புகார் செய்ய இரண்டு பெயர்களைத் தொலைபேசி எண்ணோடு போடுங்கள், அதில் ஒருவர், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவில் இருப்பவராக இருக்கட்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிமுறைப்படி ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் அந்தக் குழு இருந்தே ஆக வேண்டும். உங்கள் கல்லூரியில் அதன் உறுப்பினர் யார் என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்று பதில் வந்தால், அதைத் தெரிந்துகொண்ட பிறகே மேலே போங்கள்.

7. முதல் செய்தியை மாணவர்தான் அனுப்ப வேண்டும்

திட்டம் சாகிற இடம் இது. எங்கள் முதல் சுற்றில் ஒரு வழிகாட்டி எனக்கு அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்:

"ஹாய் சார்"
"ஹலோ, சொல்லுங்க"
"ஒண்ணும் இல்ல சார், நீங்கதான் மென்டார்னு சொன்னாங்க"
"ஓகே. என்ன தெரிஞ்சுக்கணும்?"

அதற்குப் பிறகு பதினோரு நாள் மௌனம். பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "என்ன கேக்கறதுன்னு தெரியல அண்ணா. தப்பா ஏதாச்சும் கேட்டுட்டா?" என்றான். அந்தப் பக்கம் வழிகாட்டியோ, "இன்ட்ரஸ்ட் இல்லாத பையனைக் கொடுத்திருக்கீங்க" என்றார். இருவர் மேலும் குற்றமில்லை. முன்பின் தெரியாத பெரியவருக்கு எப்படி எழுதுவது என்று நம் வகுப்பறையில் யாரும் சொல்லித் தந்ததில்லை, விடுப்புக் கடிதத்தைத் தவிர.

இப்போது அறிமுகக் கூட்டத்தில் எல்லோரையும் உட்கார வைத்து அங்கேயே முதல் செய்தியை எழுத வைக்கிறோம். எழுதி, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, திருத்தி, அனுப்பிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். மாதிரி இது:

"வணக்கம் அக்கா. நான் மூன்றாமாண்டு வேதியியல் படிக்கிறேன். மருந்து நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு வேலைக்கு இப்போதே போகலாமா, எம்.எஸ்சி. முடித்துவிட்டுப் போவதா என்று குழப்பம். வீட்டில் பி.எட். படிக்கச் சொல்கிறார்கள். என் ரெஸ்யூமை இணைத்திருக்கிறேன். சனிக்கிழமை மாலை 5 மணி, ஞாயிறு காலை 10 மணி, இரண்டில் எது உங்களுக்கு வசதி?"

நான் யார், என் கேள்வி என்ன, எப்போது பேசலாம். இரண்டு நேரம் கொடுப்பதுதான் சூட்சுமம். 'உங்களுக்கு எப்போ ஃப்ரீ' என்று கேட்டால் பதில் வராது.

நான்கு சந்திப்புக்கும் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள். முதலாவதில் மாணவர் தன் கேள்வியைச் சொல்ல, வழிகாட்டி தான் சறுக்கிய ஒரு கதையைச் சொல்லட்டும். வெற்றிக் கதை வேண்டாம், அதைக் கேட்டால் மாணவர் சுருங்கிவிடுகிறார். இரண்டாவதில் ரெஸ்யூமையோ படிப்புத் திட்டத்தையோ வரிக்கு வரி பார்ப்பது. மூன்றாவதில் வழிகாட்டி தனக்குத் தெரிந்த இன்னொருவரை மாணவருக்கு அறிமுகம் செய்வது. நான்காவது மாதிரி நேர்காணல்.

மூன்றாவதைப் பலரும் தாண்டிவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். வேலைச் செய்திகள் நெருங்கிய நண்பர்களைவிட அரைகுறையாகத் தெரிந்தவர்கள் வழியாகவே அதிகம் வந்து சேர்கின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973லேயே எழுதிவிட்டார். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், அவ்வளவுதான் காரணம். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்த அரைகுறை அறிமுகங்கள் மாமா, சித்தப்பா வழியாக ஏற்கெனவே இருக்கின்றன. முதல் பட்டதாரிக்கு இந்த மூன்றாவது சந்திப்பில்தான் அது கிடைக்கிறது.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் மாணவர் ஒரு வரி எழுத வேண்டும்: தேதி, என்ன பேசினோம், அடுத்தது எப்போது. பத்து நாள் வரி வராவிட்டால் நீங்கள் தொலைபேசியில் கூப்பிடுங்கள், செய்தி அனுப்பாதீர்கள். முதலில் மாணவரை, பிறகு வழிகாட்டியை. வழிகாட்டி இருமுறை தேதி மாற்றினால் மன்னிப்புக் கேட்கும் சங்கடத்தில் அவரை வைக்காமல், "அண்ணா, அடுத்த செமஸ்டர் பார்த்துக்கலாம்" என்று விடுவித்துவிட்டு மாற்றாளைக் கொண்டுவாருங்கள். அப்படி விடுவித்தவர்களில் சிலர் அடுத்த சுற்றில் தாங்களாகவே வந்தார்கள்.

8. செலவு

இதுவரை சொன்னதற்குப் பணமே வேண்டாம். கூகுள் படிவம் இலவசம். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் அழைப்பு அறுந்துவிடும், எங்கள் சந்திப்போ 45 நிமிடம், அதனால் கூகுள் மீட். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர்வரை சேர்க்கலாம், நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி பூட்டி வையுங்கள். அறிமுகக் கூட்டத்துக்கு டீ, வடை, ஜெராக்ஸ். முன்னாள் மாணவர்களுக்கென்றே மென்பொருள் விற்பவர்கள் கல்லூரியைத் தேடி வருவார்கள். முதல் இரண்டு வருடம் வாங்காதீர்கள். காலியான மென்பொருளைவிட நிரம்பிய எக்செல் மேல்.

9. சங்கத்தை எப்போது, எப்படிப் பதிவு செய்வது

உதவித்தொகை, பயண உதவி என்று பணம் உள்ளே வரப்போகிறது என்றால் பதிவு செய்யுங்கள். அதுவரை யாருடைய சொந்தக் கணக்கிலும் வசூலிக்காதீர்கள். முதல் சந்திப்புக்கான வசூல் முழுக்க என் ஜிபேயில் வந்தது. சாப்பாட்டுக்காரருக்குக் கொடுத்தேன், பந்தலுக்குக் கொடுத்தேன், எல்லாவற்றுக்கும் ரசீது இருந்தது. ஆனாலும் மிச்சம் எவ்வளவு என்று ஒரு நண்பன் குழுவில் கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்கு 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டம். குறைந்தது ஏழு பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. சங்கம் அமைத்த மூன்று மாதத்துக்குள் ஆவணங்களைக் கொடுத்துவிட வேண்டும், அதனால் எல்லாம் தயாரான பிறகே தொடக்கக் கூட்டத் தேதியைப் போடுங்கள். தேவைப்படுபவை: சங்க விதிக்குறிப்பு, துணை விதிகள், நிர்வாகிகளின் அடையாளம் மற்றும் முகவரிச் சான்று, அலுவலக முகவரிக்கான சான்று. கல்லூரி முகவரியை வைப்பதென்றால் முதல்வரின் இசைவுக் கடிதம் வேண்டும். அதற்குத்தான் எங்களுக்கு அதிக நாள் ஆனது. தொடக்கத்திலிருந்து சான்றிதழ் கைக்கு வர நான்கு மாதம். செலவில் பெரும்பகுதி ஆடிட்டர் கட்டணம்தான், உங்கள் பேட்சிலேயே ஓர் ஆடிட்டர் இருந்தால் அதுவும் மிச்சம்.

நோக்கங்களை எழுதும்போது 'உறுப்பினர் நலன்' என்று முதல் வரியில் போடாதீர்கள். உறுப்பினர்களுக்காக மட்டும் இயங்கும் சங்கம் என்று தெரிந்தால் பிறகு வருமான வரி விலக்குக் கேட்கும்போது இடிக்கும். மாணவர் கல்வி உதவி முதலில் வரட்டும். நிர்வாகக் குழுவில் கல்லூரி ஊழியர்கள் பாதிக்கு மேல் வேண்டாம். முதல்வரே தலைவர் என்று ஆகிவிட்டால் அது இன்னொரு துறைபோல ஆகிவிடும், வெளியில் இருப்பவர்கள் மெல்ல விலகிவிடுவார்கள்.

பதிவு முடிந்ததும் சங்கத்தின் பெயரில் பான், பிறகு தீர்மான நகலோடு வங்கிக் கணக்கு. இருவர் கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு, தணிக்கைக் கணக்கு, உறுப்பினர் பட்டியல் தாக்கல் உண்டு. நிர்வாகிகள் மாறினால் படிவம் 7. இதை இரண்டு வருடம் மறந்தால் பழைய நிர்வாகிகளைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கும் கொடுமை வந்து சேரும்.

நன்கொடை கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி சான்று இருந்தால் நன்கொடை கொட்டும் என்று நம்பாதீர்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது, சம்பளக்காரர்களில் பலர் இப்போது அதில்தான் இருக்கிறார்கள். பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. வேறொரு சங்கத்தின் பழைய விண்ணப்பத்தைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் இன்னும் கவனம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட உங்கள் வகுப்புத் தோழன் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை) வைத்திருந்தாலும், அவன் அனுப்பும் பணம் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வெளிநாட்டுப் பணம். இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் இருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தில் கொடுப்பது அப்படியல்ல. வெளிநாட்டுப் பணம் வாங்க அந்தச் சட்டத்தின்கீழ் தனிப் பதிவு வேண்டும், அதற்கு விண்ணப்பிக்கவே சங்கம் மூன்று வருடம் இயங்கி, தன் நோக்கங்களுக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். பதிவு கிடைத்தாலும் பணம் புதுதில்லி ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். அதனால் அமெரிக்கத் தோழனிடம், "காசு வேண்டாம்டா, மூணு மணி நேரம் கொடு" என்று சொல்லிவிடுங்கள். அவன் அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் இருந்தால் அவனுடைய ஞாயிறு காலை நமக்கு ஞாயிறு மாலை, நேரமும் ஒத்துப்போகும்.

10. அடுத்த சுற்றுக்கு ஆள் எங்கே கிடைக்கும்

இறுதியாண்டு மாணவர்கள் கடைசியாக எல்லோரும் தவறாமல் வந்து நிற்கும் இடம், பாக்கி எதுவும் இல்லை என்று வாங்கும் நோ டியூஸ் கையெழுத்துக்கான வரிசை. நூலகம், ஆய்வகம், விடுதி என்று ஒவ்வொரு மேசையாகப் போவார்கள். அலுவலகத்தில் பேசி அந்த வரிசையில் உங்களுக்கும் ஒரு மேசை வாங்குங்கள். முதல் படியில் சொன்ன அதே எட்டுக் கேள்விப் படிவம், ஒப்புதல் பெட்டியோடு. ஆளுக்கு இரண்டு நிமிடம். பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் பாருங்கள். மின்னஞ்சல் கட்டத்தில் பாதிப் பேர் பழக்கத்தில் கல்லூரி முகவரியைத்தான் போடுவார்கள். படித்து முடித்தபின் அதை முடக்கிவிடும் கல்லூரிகள் உண்டு. "தம்பி, இது போயிடும், உன் சொந்த ஜிமெயிலை எழுது" என்று அங்கேயே அடித்துத் திருத்த வையுங்கள்.